ஏரிக்கடியில் ஒரு பாட்டு

"உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது?" என்று எழுத்தாளர்களைக் கேட்பது பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். கதை எழுதுகிறவனுக்குச் சங்கீதத்தில் என்ன தெரிந்திருக்கப்போகிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. கேட்கப்பட்டவரும் யோசிப்பதில்லை. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனம் ஒன்று, பாரதியார் பாட்டு ஒன்று, கொஞ்சம் தைரியசாலியாக இருந்தால் ஒரு சினிமாப் பாட்டு என்று மூன்றைச் சொல்லித் தப்பித்துக்கொண்டுவிடுகிறார்.

உண்மையில் ஒரு பாட்டு நமக்குப் பிடித்துப்போவதற்கும் அதன் ராகத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் கிடையாது. அதை முதல்முதலாகக் கேட்டபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், மழை பெய்ததா, வெயில் அடித்ததா, அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்பவைதாம் தீர்மானிக்கின்றன. வித்வான்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். போகட்டும். இப்படிப்பட்ட விஷயங்களில் வித்வான்களை மத்தியஸ்தம் வைக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த பாட்டு சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவெண்பாக்கத்தில் பாடிய பதிகம். ஏழாந் திருமுறையில் எண்பத்தொன்பதாவதாக இருக்கிறது. பண் சீகாமரம், இன்றைய கணக்கில் நாதநாமக்கிரியை. கச்சேரிகளில் அதை நீங்கள் கேட்டிருப்பது சந்தேகம். ஓதுவார்கள்கூட அடிக்கடி எடுத்துக்கொள்வதில்லை. திருவெண்பாக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது.

திருவள்ளூருக்கு வடமேற்கே ஏழெட்டு மைல் போனால் பூண்டி ஏரி வருகிறது. கொசஸ்தலையாற்றை மறித்துக் கட்டியது. சென்னை நகரம் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஏரி வருவதற்கு முன்னால் அதன் வயிற்றில் திருவிளம்பூதூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்தத் திருவிளம்பூதூர்தான் தேவாரத்தில் வரும் திருவெண்பாக்கம்.

பதிகத்தின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதைத் திருவள்ளூர்ப் பக்கத்து மனிதன் ஒருவன் சொன்னால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஏனென்றால் சுந்தரரின் வாழ்க்கையில் மிகப் பெரிய கஷ்டம் நேர்ந்தது எங்கள் மண்ணில். அவர் பிறந்தது திருநாவலூர், வாழ்ந்தது திருவாரூர், கண்ணை இழந்து தடவித் தடவி நடந்தது மட்டும், 1997-ல் தனி மாவட்டமாகப் பிரிந்த திருவள்ளூரின் சாலைகளில்.

திருவொற்றியூருக்கு யாத்திரை வந்தவர், கோயிலில் பூக்கட்டும் மண்டபத்தில் சங்கிலியாரைக் கண்டார். இந்தச் சங்கிலியாரும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்தான். பொன்னேரிக்குப் போகிற வழியில் ஞாயிறு என்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே பிறந்தவர். திருவாரூரில் பரவையார் என்று ஒரு மனைவி ஏற்கனவே இருக்கிறாள். ஆகையால் பெண் வீட்டார், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சத்தியம் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதானே? சுந்தரர் சாமர்த்தியசாலி. சந்நிதியில் சத்தியம் செய்து கொடுக்கும்போது, சுவாமி சற்று நேரம் கருவறையை விட்டு வெளியே போய் மகிழ மரத்தடியில் இருந்தால் சத்தியத்துக்குச் சாட்சி இல்லாமல் போகும் அல்லவா? சிநேகிதர் என்ற உரிமையில் அப்படியே சிவபெருமானிடம் கேட்டுக்கொண்டார். சிவபெருமானும் சம்மதித்தார். சம்மதித்தவர் அதோடு நிற்கவில்லை. சங்கிலியாரின் கனவில் போய், 'சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள்' என்றும் சொல்லிவிட்டார்! இன்றைக்கும் திருவொற்றியூரில் மாசி மாதத்தில் மகிழடி சேவை என்று அதற்கு உற்சவம் நடக்கிறது. மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிற கோயில் வேறு எங்காவது இருக்குமோ, என்னவோ!

சத்தியம் ஏன் முறிந்தது என்பதுதான் நம்முடைய விஷயத்துக்கு முக்கியமானது. சேக்கிழார் அதைச் சொல்லியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வேனில் வந்தது. தென்றல் அடித்தது. சுந்தரருக்குத் திருவாரூர் வசந்த விழாவின் ஞாபகம் வந்தது. அந்த விழாவில் பரவையார் பாடுவதும் ஆடுவதும், கண்ணால் நேரே கண்டு காதால் நேரே கேட்டதுபோல அவர் நெஞ்சில் எழுந்தன. அவ்வளவுதான், அவரால் இருக்க முடியவில்லை. மனைவியின் முகம் நினைவுக்கு வந்ததென்று சேக்கிழார் சொல்லியிருக்கலாம். வீடு நினைவுக்கு வந்ததென்றும் சொல்லியிருக்கலாம். ஒரு பாட்டு நினைவுக்கு வந்தது என்று சொல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், குன்றத்தூரில் பிறந்து சோழ ராஜ்யத்தின் மந்திரி பதவி வகித்த அந்த மனிதருக்கு, கதை எழுதுகிற நாங்கள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற ஒரு வித்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் போய்விட்டன. அங்கிருந்து வடதிருமுல்லைவாயில், இப்போது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கிற இடம். அங்கே ஒரு பதிகம். சங்கிலிக்காகவா என் கண்ணைப் பறித்தாய் என்று வெளிப்படையாகவே கேட்கிறார். அங்கிருந்து திருவெண்பாக்கம். இருபது மைலுக்குக் குறையாது. கண் தெரிகிற நமக்கே அந்தக் காலத்து வண்டிப்பாதையில் அது லேசான நடையல்ல. வெண்பாக்கத்திலிருந்து பழையனூர் ஆலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதால் உள்ளே கால் வைக்க அஞ்சி, வெளியிலேயே நின்று பாடினார். பிறகு காஞ்சியில் இடக்கண் வந்தது. திருவாரூரில் வலக்கண் வந்தது.

இனி வெண்பாக்கத்துப் பதிகத்துக்கு வருவோம். அதில் இயற்கை வர்ணனை மிகக் குறைவு. வயலையும் வாளையையும் சோலையையும் வரிக்கு வரி அடுக்குகிற சுந்தரர் இங்கே அதற்கெல்லாம் அவகாசமில்லாதவர் போலத் தெரிகிறது. கண்ணில்லாதவர் எதை வர்ணிப்பார்? செய்தி ஒன்றுதான். பிழை செய்தால் நீ பொறுத்துக்கொள்வாய் என்று நம்பிப் பிழை செய்தேன். நீயோ என் கண்ணை மறைத்துவிட்டாய். கோயில் வாசலில் நின்று, 'சுவாமி, இங்கே இருக்கிறீரா?' என்று கேட்டேன். 'இருக்கிறோம், நீர் போம்' என்று சொல்லிவிட்டாய். பாட்டுக்குப் பாட்டு இந்தப் பதிலில் வந்துதான் முடிகிறது.

அந்தப் பதிலின் தொனியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரவையார் வீட்டில் நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவர். ஆற்றில் போட்ட பொன்னைக் குளத்தில் எடுத்துக் கொடுத்தவர். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட சிநேகிதர் இன்று, கதவைத் திறக்காமலே உள்ளே இருந்துகொண்டு பதில் சொல்கிற வீட்டுக்காரர் மாதிரி பேசுகிறார். இல்லை என்றும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. 'நீ' என்று உரிமையோடு திட்டியிருந்தால்கூடச் சுந்தரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரியாதைப் பன்மையில் பேசியதுதான் சுட்டிருக்கவேண்டும்.

ஆனால் பத்தாவது பாட்டில், அந்தக் குளிர்ந்த பதிலோடு கூட, ஊன்றிக்கொள்ள ஒரு கோல் தந்ததும் வருகிறது. சங்கிலியின் பெயரும் அதே பாட்டில் இருக்கிறது. ஆகவே சேக்கிழார் சொன்னதற்கு முந்நூறு வருஷத்துக்குக் குறையாமல் முந்தியே, பாடியவர் வாய்மொழியாகவே கதையின் எலும்புக்கூடு கிடைத்துவிடுகிறது. சுந்தரர் எட்டாம் நூற்றாண்டா ஒன்பதாம் நூற்றாண்டா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் கொசஸ்தலையாற்றங்கரையில் கையில் ஒரு கம்போடு நின்றார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கோலால்தான் சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். கோபத்தில் சுந்தரர் கோலை வீசி எறிந்ததாகவும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். பதிகத்தில் அது இல்லை. கொம்பொடிந்த நந்தி மட்டும் இருக்கிறது.

எனக்கு இந்தப் பதிகம் புத்தகத்தின் வழியாக வரவில்லை. என் தாயைப் பெற்றவளை நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆயா வாழ்க்கைப்பட்ட ஊர் திருவிளம்பூதூர். பதினான்கு வயதில் அந்த ஊருக்குப் போனவள், ஏரி வந்தபோது நாற்பதைத் தாண்டி இருந்தாள்.

ஏரி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-40-ல் சென்னைக்கு மேயராக இருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. நகரத்துக்குத் தண்ணீர் போதவில்லை. செங்குன்றம் ஏரியையும் சோழவரத்தையும் நம்பி எத்தனை நாள் காலந்தள்ளுவது? யுத்தம் ஆரம்பமாகிவிட்ட சமயம். வெள்ளைக்கார சர்க்காரோடு காங்கிரஸ்காரர் பேசிக் காரியம் சாதிப்பது லேசில்லை. அவர் விடாப்பிடியாக நின்று சாதித்தார். 1940-ல் வேலை தொடங்கியது, 1944-ல் முடிந்தது. அதற்குள் 1942 கிளர்ச்சியில் சிறைப்பட்டு, உடல் சீர்குலைந்து, 1943 மார்ச் 28-ஆம் தேதி அவர் காலமாகிவிட்டார். ஏரிக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் வைத்தார்கள். நிறைந்த ஏரியை அவர் பார்க்கவில்லை.

இந்தச் சத்தியமூர்த்தி பாட்டுக்கும் நாடகத்துக்கும் உயிரை விடுகிறவர் என்பதையும் சொல்லவேண்டும். சுகுண விலாச சபையில் வேஷம் போட்டு நடித்தவர். நாடகக்காரர்களையும் சினிமாக்காரர்களையும் பெரிய மனிதர்கள் வாசல்படி ஏறவிடாத காலத்தில் அவர்களைக் காங்கிரஸ் மேடைக்குக் கூட்டிவந்தவர். கே. பி. சுந்தராம்பாள் தேர்தல் கூட்டங்களில் பாடி ஜனங்களைத் திரட்டியதற்கு அவர்தான் காரணம். சுந்தரர் பாடிய ஊர் தண்ணீரில் மூழ்குவதற்குப் பாட்டை இவ்வளவு நேசித்த ஒருவரே கருவியாக வேண்டியிருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எந்த ஊராவது மூழ்கித்தான் ஆகவேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் ஆயாவுக்கும் வரவில்லை.

தாத்தா கதர் கட்டியவர். சத்தியமூர்த்தியின் பேச்சைக் கேட்பதற்காகவே சென்னைக்கு ரயிலேறிப் போவார். வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. கிட்டப்பா தட்டும் சுந்தராம்பாள் தட்டும் நாலைந்து இருந்தன. கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் இறந்தபோது தாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஊரைக் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது, தெருவில் எல்லாரும் கூடிக் கூடிப் பேசினார்கள். தாத்தா மட்டும் பேசவில்லை. தம்முடைய தலைவர் கேட்ட தண்ணீர். அதைக் கூடாது என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. நல்லது என்று சொல்லவும் மனசு இல்லை.

கடைசி நாள் ராத்திரி சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. பெட்டி மட்டும் கூடத்தில் இருந்தது. தாத்தா அதற்குச் சாவி கொடுத்து, சுந்தராம்பாள் தட்டைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாராம். ஒரே தட்டையே திரும்பத் திரும்பப் போட்டாராம். காலி வீட்டில் குரல் எப்படி எதிரொலிக்கும் என்பது வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும்.

1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. திருவள்ளூரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆயா வரவில்லை. சாமி படமாயிற்றே, வா என்று அம்மா எவ்வளவோ கெஞ்சினாள்.

"அந்தம்மா பாட்டு ஒசத்திதான், யாரு இல்லேன்னா? எனக்கு அந்தக் கொரலைக் கேட்டா, உடனே எழுந்து சாமான் கட்டணும்னு தோணுதுடி" என்றாள் ஆயா.

கோடிக்கணக்கான பேர் பக்தியால் உருகிய குரலுக்கு இப்படி ஓர் அர்த்தமும் ஒரு வீட்டில் இருந்தது. இதற்குச் சுந்தராம்பாள் என்ன செய்வார்?

ஆயா தனக்கென்று வைத்துக்கொண்டது வெண்பாக்கத்துப் பதிகத்தை. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் வாடகை வீடு. விளக்கு வைத்ததும் வடமேற்கு மூலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பாடுவாள். ராகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊர்க்கோயில் ஓதுவார் பாடியதை வாங்கி, தன் மூச்சுக்கு ஏற்றபடி குறுக்கிக்கொண்டது. விடுமுறைக்குப் போகும் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கவேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒரே பதில் வருவதால் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. முடியும் இடம் வந்ததும் நாங்கள் முந்திக்கொண்டு கத்துவோம். சுவாமி சொல்கிற பதிலை நாங்கள் கத்துகிறோமே என்று ஆயா கோபித்துக்கொண்டதில்லை. பதில் சொல்ல யாராவது இருந்தால் போதும் என்று நினைத்தாளோ, என்னவோ.

எப்போதாவது புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் குழாயடிக்குத்தான் போவாள். பூண்டித் தண்ணீர் தாமரைப்பாக்கத்துக்கு வந்து, சோழவரத்துக்குப் போய், செங்குன்றத்தில் தங்கி, கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டி எங்கள் தெருவுக்கு வருகிறது என்று மாமா விவரமாகச் சொல்லியிருந்தார். ஆயாவுக்கு அந்த விவரமெல்லாம் வேண்டியதில்லை. உள்ளங்கையில் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். நான் ஒரு தடவை டம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை முற்றத்தில் ஊற்றினேன்.

"ஊத்தாதே கண்ணு. எங்க ஊரு மேல நின்னுட்டு வர தண்ணி. மரியாதையா குடி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இன்றைக்கும் குழாயைத் திறக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தப் பதிகத்தின் ஞாபகம். 1996-லிருந்து கிருஷ்ணா தண்ணீரும் கண்டலேறு கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வந்து சேர்கிறது. ஆந்திரத்து நதியானாலும் எங்கள் ஊர் மேல் நின்றுவிட்டுத்தான் சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது. 2019 கோடையில் ஏரிகளெல்லாம் வறண்டு சென்னை தவித்தபோது, பூண்டியின் படுகை வெடித்துக் கிடந்த போட்டோக்கள் பத்திரிகைகளில் வந்தன. மற்றவர்கள் தண்ணீரில்லையே என்று பார்த்தார்கள். நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தெருவைத் தேடினேன்.

கோயில் மட்டும் முழுதும் போய்விடவில்லை. சுவாமியை எடுத்துவந்து, ஏரிக்கரையில் பூண்டியிலேயே புதிதாகக் கோயில் எடுத்தார்கள். 1968-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆயாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். கண்ணில் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, சோடாப் புட்டி கண்ணாடி போட்டிருந்தாள். மற்றது அநேகமாகத் தெரியாது. கூட்டத்தில் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது நான்தான். சுந்தரர் சிலை, கோபுரம், புது வர்ணம் எல்லாம் காட்டினேன். எதிலும் அவள் மனசு ஒட்டவில்லை. "இது வேற எடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

நந்தியிடம் வந்ததும் என் கையை விட்டாள். இரண்டு கையாலும் நந்தியின் தலையைத் தடவினாள். ஒரு பக்கத்துக் கொம்பு இருந்தது. மறு பக்கம் விரல்கள் போய், ஒடிந்த இடத்தில் நின்றன. அந்த மொண்ணையை இரண்டு மூன்று தரம் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ம். இருக்காரு" என்றாள். பிறகு, "போலாம், வா" என்றாள்.

சந்நிதிக்குள் போய்த் தரிசனம்கூடச் செய்யவில்லை. எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. பதிகத்தை நினைத்துக்கொண்டதும் ஆச்சரியம் போய்விட்டது.

அந்தப் பதிகத்தை இன்னொரு விதமாகவும் நினைக்க வைத்தவர்கள் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி என்றதும் உங்களுக்குச் சிப்காட்டும், இரும்பு உருக்கும் ஆலைகளும், ஷிப்டு முடிந்து மின்சார ரயிலுக்கு ஓடுகிற கூட்டமும் ஞாபகம் வரும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும், முகாமில் வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று ஓர் அம்மாள் பிடிவாதமாக அழைத்தார். 1990-ல் யுத்தத்துக்குத் தப்பிப் படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள் இருக்கிற முகாம் அது. அகதி முகாம் என்ற பெயரை 2021-ல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். முப்பது வருஷத்தில் அங்கே பிறந்து அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் பாட்டிதான் பதில் சொல்லவேண்டும்.

அந்த அம்மாளுக்கு மன்னார்ப் பக்கம், மாதோட்டம். நான் திருவள்ளூர்க்காரன், தேவாரத்தில் ஆசை என்று தெரிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பெண். கூச்சப்படாமல் கண்ணை மூடிக்கொண்டு பாடியது. திருக்கேதீச்சரப் பதிகம்! அதுவும் சுந்தரர் பாடியது.

இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. சுந்தரர் திருக்கேதீச்சரத்துக்குப் போகவில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே, கடலுக்கு அப்பால் இருக்கிற சுவாமியைப் பாடினார் என்று பெரிய புராணம் சொல்லுகிறது. ஞானசம்பந்தரும் அப்படித்தான். இக்கரையில் நின்று பாடிய அந்தப் பாட்டில், அக்கரையின் விலாசம் முழுதும் இருக்கிறது: மாதோட்ட நகரம், பாலாவி என்ற நீர்நிலை, அதன் கரைமேல் கோயில். பிறகு பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது அங்கே வழங்கும் வரலாறு. முந்நூறு வருஷத்தில் அந்த இடத்தைக் காடு மூடிவிட்டது. 1872-ல் ஆறுமுக நாவலர், பாடல்பெற்ற தலம் இப்படிக் கிடக்கிறதே என்று யாழ்ப்பாணத்துச் சைவர்களை இடித்துக் காட்டி எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காட்டை வெட்டி, இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்டிய பெரிய கோயிலுக்கு 1976-ல் கும்பாபிஷேகம் நடந்தது. பதினான்கு வருஷத்துக்குள் யுத்தம் அந்தப் பக்கத்து ஜனங்களையெல்லாம் கிளப்பிவிட்டது. கோயில் போன பிறகும் பதிகத்தில் பாலாவி இருந்தது. அது இல்லாவிட்டால் எந்தக் காட்டை வெட்டுவது என்று யாருக்குத் தெரியும்?

பெண் பாடி முடித்தாள். "பாலாவி ஆறா, குளமா?" என்று நான் கேட்டேன். பெண் பாட்டியைப் பார்த்தாள்.

"நான் கடைசியாக் கண்டபோது வாலிப வயசு. பெரிய குளம் மாதிரித்தான் நினைப்பு. இவளுக்குப் பாட்டில கேட்டதுதான்" என்றார் அந்த அம்மாள். பிறகு, "சுந்தரர் எங்கட ஊரைப் பாடினவர். உங்கட ஊரில என்ன பாடினவர்?" என்று கேட்டார்.

வெண்பாக்கத்துக் கதையைச் சொன்னேன். கண் போனதையும், கோலையும், உள்ளிருந்து வந்த பதிலையும், ஏரியையும் சொன்னேன். எனக்குப் பாட வராது, சொல்லத்தான் முடிந்தது. பேத்தி பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து, நான் சொல்லச் சொல்லப் பதிகம் முழுவதையும் எழுதிக்கொண்டாள். நாலாவது பாட்டுக்குள் அவளுக்கு விளையாட்டுப் புரிந்துவிட்டது. சுவாமியின் பதில் வருகிற இடத்தில், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். கடைசிப் பாட்டில் திருவாரூரின் பெயர் வந்ததும், "வெண்பாக்கத்தில நிண்டுகொண்டு திருவாரூரை ஏன் பாடுறார்?" என்று கேட்டாள். அவர் போய்ச் சேர விரும்பிய ஊர் அது என்றேன். பேசாமல் எழுதிக்கொண்டாள்.

அந்த அம்மாளுக்குப் பூண்டிக் கோயிலைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அடுத்த பிரதோஷத்துக்குப் போகலாமா என்று மகனைக் கேட்டார். முகாமில் கணக்கெடுப்பு இருக்கிறது. அந்த நாளில் ஆள் இருக்கவேண்டும் என்று மகன் யோசித்தார். பிறகு தேதியைப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

"இங்கிருந்து பஸ் எப்பிடி?" என்றார் அந்த அம்மாள்.

ஊத்துக்கோட்டை வரைக்கும் ஒரு பஸ், அங்கே இறங்கித் திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினால் பூண்டி வழியில் வரும் என்று சொன்னேன். கோயிலுக்குள் போனதும் முதலில் நந்தியைப் பார்க்கச் சொன்னேன்.

"பொழுதுபட முன்னம் திரும்பி வந்திரலாமோ?" என்று கேட்டார்.

"காலையில் கிளம்பினால் வந்துவிடலாம், அம்மா" என்றேன். பேத்தி நோட்டின் ஓரத்தில் பஸ் மாறுகிற இடத்தை எழுதி, அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.